முன்னுக்கு நடக்கிற ஆள்

நாங்கள் எட்டுப் பேர் பாலைவனம் பார்க்கப் போனோம். அந்த எட்டுப் பேரிலும் முன்னால் நடந்தவள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு ஒரு மனுசி பெருமைப்பட எத்தனை காரியம் வரும்? வந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் முன்னால் நடந்தேன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன். எனக்கு எழுத்தும் அப்படித்தான், மெதுவாக, ஆறுதலாகத்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில் ஹம் என்ற ஊரில் மகனோடும் மருமகளோடும் இருந்தேன். இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேர்மன்காரரின் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கோப்பி ஊற்றிக் கொடுக்கும் பெண்களோடு நானும் நிற்பேன். என்னோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் நிற்பாள். பிள்ளை என்றால் நாற்பத்தைந்து வயது. முதியோர் இல்லத்தில் வேலை, நல்ல ஜேர்மன், நல்ல வாய். நான் மன்னார் என்பதால் கண்ட நாளில் இருந்து என்னைக் கழுதையை வைத்தே பகிடி பண்ணுவாள். மன்னார்ப் பட்டினத்துத் தெருக்களில் கழுதைகள் தங்கள் பாட்டுக்குத் திரிவது உண்மைதான். அரபு வியாபாரிகள் கப்பலில் கொண்டுவந்து விட்டவை என்று சொல்வார்கள்.

அந்த மண்டபத்துக்குத்தான், நாங்கள் ரீச்சர் என்று சொல்கிற ஜேர்மன்காரப் பெண்ணும் வருவார். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர், மெலிந்த உடம்பு, குரல் மட்டும் பெரிது. ஒரு ஞாயிறு அவர் சுவரில் படங்களை ஒட்டி, ஜோர்தான் நாட்டுக்கு ஒரு சிறிய குழுவைக் கூட்டிப் போகப்போவதாகச் சொன்னார். செம்மண் பாலைவனம், அதற்குப் பிறகு பெட்ரா என்ற பழைய ஊர். அந்த ஊரையே பாறையில் குடைந்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு மேல் ஒருவரையும் சேர்க்க மாட்டாராம். நாங்கள் தங்கப்போகிற வீட்டில் எட்டுக் கட்டில்தான் இருக்கிறது, அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் அதற்கு மேல் தாங்காது என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துவிட்டது. விருந்துக்குப் போகிறவர்கள் வீட்டுக்காரரின் பானையைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைக் கூட்டிப் போக வேண்டும்.

"என்ரை பேரையும் குடு," என்றேன் யாழ்ப்பாணத்துப் பிள்ளையிடம்.

"அக்கா, உது கடை தெரு பாக்கப் போறேல்லை. மணலுக்கை நடக்கோணும்."

"மணலைப் பற்றி மன்னாராளுக்கு நீ சொல்லித் தாறியோ?"

"சரி சரி. அங்கை கழுதையும் இருக்காம். சொந்தக்காரரைப் பாத்திட்டு வரலாம்," என்று சொல்லிவிட்டு, எனக்குத் துணையாகத் தன் பெயரையும் கொடுத்தாள்.

வீட்டில் மகன் துள்ளினான்.

"உங்களுக்கென்னம்மா விசரே? நாங்கள் ஓடி வந்தது காணாதே?"

"ஓடினது வேறை, போறது வேறை. நான் இன்னும் ஒரு இடத்துக்கும் போகேல்லை."

"பாலைவனத்திலை என்ன கிடக்கு? வெறும் மண்."

"மன்னாரிலையும் மண்தான் கிடந்தது. அதை விட்டிட்டு வரேக்கை என்னத்துக்கு அழுதனீ?"

அவன் கொஞ்சம் அடங்கினான். "முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு ஏலாது எண்டு நடுவழியிலை குந்தி இருந்தியளெண்டா, மற்ற ஏழு பேரும் என்ன செய்யிறது? அதை யோசிச்சனீங்களே?"

நான் யோசிக்கவில்லை. ஆனால் அவனிடம் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. மருமகள் போய், அடி தடித்த ஒரு சோடிச் சப்பாத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். அத்தோடு கதை முடிந்தது. அகதிகளுக்குக் கொடுக்கிற என்னுடைய நீலப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது என்று இருந்தது. விசா அலுவலை ரீச்சர் பார்த்துக்கொண்டார்.

போவதற்கு முன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹம்மில் கால்வாய்க் கரையோரம் நடந்து பழகினோம். முதல் நாள் ரீச்சர் எல்லாரையும் நிறுத்தி வைத்து ஒரு சட்டம் சொன்னார். அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது "லங்கா" என்ற சொல். பிறகு கையை நீட்டி என்னை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் விட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லங்காவில் இருந்து வந்த அம்மா முன்னுக்கு நடக்கட்டும் என்று சொல்கிறார் என்றே விளங்கிக்கொண்டேன். தூர தேசத்து ஆளுக்கு, வயதான ஆளுக்கு, முதல் மரியாதை. இதிலே விளங்காமல் போக என்ன இருக்கிறது?

எட்டு வருடமாக இந்த நாட்டில் நான் பின்னால் நடந்தவள். அரசாங்கக் கந்தோருக்குப் போனால் மகனுக்குப் பின்னால், வைத்தியரிடம் போனால் மருமகளுக்குப் பின்னால். இப்போது எனக்குப் பின்னால் ஏழு பேர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திருநாளில் மாதா சுருவத்துக்கு முன்னால் சிலுவை தூக்கிப் போகிறவர் போல நிமிர்ந்து நடந்தேன். வாத்துகள் கூட விலகி வழிவிட்டன. தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில் எல்லாரிடமும் சொன்னேன்: "எங்கடை நாட்டுக்கு உவையளிட்டை நல்ல மரியாதை." கேட்டவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

குழுவில் ஓர் உயரமான மனிதர் இருந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் தமிழில் அவருக்கு நெட்டையர் என்று பெயர் வைத்தோம். அவருடைய ஓர் அடி எனக்கு மூன்று அடி. எனக்குப் பின்னால் நடப்பதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். காலைத் தூக்குவார், வைக்க இடம் இராது, மறுபடி அதே இடத்தில் வைப்பார். அவருடைய மனைவி ஒரு நாள் கால்வாய்க்கரை வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார், பிள்ளை தமிழாக்கினாள். பெட்ராவில் மலை உச்சியில் ஒரு பெரிய முகப்பு இருக்கிறதாம், முழுப் பாறையில் வெட்டியது. பழைய கலண்டரில் இருந்து வெட்டிய அதன் படம், நெட்டையர் இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவர்கள் குசினிச் சுவரில் தொங்குகிறதாம். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் காலைப் பாண் சாப்பிடுவாராம். அவர் போவது அந்த ஒன்றுக்காகத்தான்.

போய் இறங்கினோம். பாலைவனத்தில் எங்களைக் கூட்டிப்போனவர் அந்த நாட்டுக்காரர், நரைத்த மீசை, தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி. வழி தெரிந்தவர் என்றால் முன்னுக்குத்தானே போவார் என்று நினைத்தேன். அவர் கடைசியில் வந்தார். முன்னுக்கு நான், கடைசியில் அவர். திரும்ப வேண்டிய இடத்தில் பின்னால் இருந்து ஒரு விசில். இடப்பக்கம் என்றால் ஒன்று, வலப்பக்கம் என்றால் இரண்டு. ஒருவரும் பின்தங்கி மணலில் நிற்கக்கூடாது என்பதற்காக அவர் அப்படி வருகிறார் என்று பிள்ளை கேட்டுச் சொன்னாள்.

ரீச்சருக்கு நிறையச் சட்டம். கல், ஓட்டுத்துண்டு ஒன்றும் பொறுக்கக்கூடாது. கேட்காமல் ஒருவரையும் படம் எடுக்கக்கூடாது. தோளை மூட வேண்டும். நான் வாழ்நாள் முழுக்க மூடிய தோள்தான். குப்பையை மடியில் கட்டியாவது திரும்பக் கொண்டுவர வேண்டும். தேத்தண்ணீரோ பாணோ அங்கே குடியிருக்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பாறை நிழலில் வழிகாட்டி தன் தண்ணீர்க் குடுவையைத் தூக்கி அண்ணாந்து, வாய் படாமல் குடித்தார். நான் சிரித்துவிட்டேன். கையை நீட்டினேன், தந்தார். நானும் அண்ணாந்து, ஒரு துளி சிந்தாமல் குடித்துக் காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அதைப் பார்த்த நெட்டையருக்கும் ஆசை வந்தது. வாங்கி அண்ணாந்தார். தண்ணீர் மூக்குக்குள் போய், கண்ணாடியில் விழுந்து, சட்டைக்குள் இறங்கியது. மற்றவர்களும் வரிசைக்கு வந்தார்கள். ரீச்சர் ஓடிவந்து குடுவையைப் பறித்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"பாலைவனத்திலை நெட்டையருக்கு முழுக்காட்டுறதுக்கு ஒருத்தருக்கும் அனுமதி இல்லையாம்," என்றாள் பிள்ளை.

மணலில் என் முழங்கால் சோதிக்கவில்லை. பெட்ராவில்தான் சோதனை வந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதையால் உள்ளே போனால் பாறை முழுக்க வாசல்களும் தூண்களும். வெட்டின பாறை, சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல வரி வரியாகச் சிவப்பும் வெள்ளையும் ஊதாவும். நான் கை வைத்துப் பார்க்கப் போனேன், ரீச்சரைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். அந்த அழகிலேயே அரைநாள் நடந்தோம். மலையின் அடிவாரத்துக்கு வந்து நின்றபோது எனக்கு வலது முழங்கால் வீங்கித் தெரிந்தது. மேலே பார்த்தேன். படிகள், பாறையில் வெட்டினவை, தேய்ந்து நடுவில் குழிந்தவை, திரும்பித் திரும்பி மேலே போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. நெட்டையரின் கலண்டர்ப் படம் அதற்கு மேலே இருந்தது.

கழுதைக்காரர் ஓடிவந்தார்கள். பிள்ளை என் காதுக்குள், "அக்கா, உங்கடை ஆக்கள் வந்திட்டினம்," என்றாள். ரீச்சர் அவர்களிடம் மரியாதையாக வேண்டாம் என்றார். கழுதைகள் சுமையோடு ஏறி ஏறித்தான் படிகள் இப்படித் தேய்ந்துபோயின, கழுதைகளின் காலும் சறுக்கி உடைகிறது, அதனால் அதில் ஏறுவதில்லை என்பது இன்னொரு சட்டம். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, எல்லாரையும் பார்த்து ஏதோ நிதானமாகச் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நெட்டையர் மட்டும் நிலத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறா?"

"ஒருத்தரைத் தனிய விட்டிட்டு நாங்கள் போறேல்லையாம். ஆக மெதுவா நடக்கிற ஆள் ஏலாதெண்டு சொன்னா, எல்லாரும் இதிலை இருந்து திரும்பிறதாம். அந்த ஆள்தான் முடிவு சொல்லோணுமாம்."

"அது ஆர் அந்த ஆள்?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவள் முகம் ஒரு மாதிரிக் கோணியது. "அக்கா... உங்களை ஏன் இவ்வளவு நாளும் முன்னுக்கு விட்டவ எண்டு நினைச்சனீங்கள்?"

"லங்கா ஆள் முன்னுக்கு எண்டுதானே சொன்னவ."

"ஐயோ அக்கா! அது லங்கா இல்லை, லங்சாம். லங்சாம்ஸ்த! ஆக மெதுவான ஆள் முன்னுக்கு! அப்பத்தானே மற்ற ஆக்கள் விட்டிட்டு ஓடமாட்டினம்!"

சொல்லிவிட்டு ஒரு கல்லில் இருந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். லங்சாம் என்றால் மெதுவாக என்று எனக்குத் தெரியாதா? கடையில் நானே சொல்கிற சொல். ரீச்சர் அதற்கு ஒரு வாலை வைத்துச் சொன்னதில் எனக்குத் தலை மட்டும்தான் கேட்டது.

முகம் சூடேறிவிட்டது. தமிழ்ப் பூசையில் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வாத்துகளைக் கூட நினைத்தேன். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. நான் ஏலாது என்று ஒரு சொல் சொன்னால், அந்த மனிதர் தன் வயதில் பாதிக்கு மேல் பார்த்துக்கொண்டு பாண் சாப்பிட்ட அந்தச் சங்கதியைப் பார்க்காமல் ஹம்முக்குத் திரும்புவார். நான் இல்லாமல் போங்கள் என்றாலும் ரீச்சர் விடமாட்டார், யாராவது என்னோடு நிற்க வேண்டும். அது பிள்ளையாகத்தான் இருக்கும், அவள் எனக்காக வந்தவள். மகன் கேட்ட கேள்வி அப்படியே வந்து முன்னால் நின்றது. அவன் இதை வீட்டில் இருந்தபடியே முன்கூட்டிக் கண்டுவிட்டான்.

இளைப்பாறி இளைப்பாறி ஏறலாம் என்று ரீச்சர் சொன்னார். அதற்கும் என் வாய் ஓம் என்று சொல்ல மறுத்தது. ஆக மெதுவான ஆள் என்று தெரிந்த பிறகு, மூச்சு வாங்கிக் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்துவதா? அப்போதுதான் எனக்கு ஒரு புத்தி வந்தது.

"ரீச்சரிட்டைச் சொல்லு, நான் ஏறுறன். ஆனா சிலுவைப்பாதை செய்துகொண்டுதான் ஏறுவன்."

பிள்ளை சொன்னாள். ரீச்சரின் முகம் மலர்ந்தது. எல்லாரும் கோயில் ஆட்கள்தானே. தவக் காலத்தில் கோயில் சுவரில் இருக்கும் பதினாலு நிலைகளிலும் நின்று நின்று செபிப்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். எனக்குப் புத்தகம் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். முதல் திருப்பத்தில் முதலாம் நிலை. அங்கே இருந்த பாறையில் நான் இருந்துகொண்டு தமிழில் சொல்ல, மற்றவர்கள் ஜேர்மனில் சொன்னார்கள்.

"அக்கா, சிலுவைப்பாதையிலை முழந்தாளிடுறது. இருக்கிறேல்லை," என்றாள் பிள்ளை தணிந்த குரலில்.

"இந்தக் கல்லிலை முழந்தாளிட்டா பேந்து நீதான் தூக்கோணும்."

"செபமோ இளைப்பாறலோ எண்டு ஆண்டவருக்கு விளங்கும்."

"அவரும் வழியிலை விழுந்து எழும்பினவர்தானே. விளங்கட்டும்."

அப்படியே ஏறினோம். ஒரு திருப்பத்துக்கு ஒரு நிலை. நான் முன்னால், எனக்குப் பின்னால் நெட்டையர். வழிகாட்டி வேறு சமயத்தவர். நாங்கள் நின்ற இடங்களில் எல்லாம் அவர் கொஞ்சம் தள்ளி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அமைதியாக நின்றார். கழுதை கொண்டு இறங்கி வந்த ஒருவர் என்ன நடக்கிறது என்று கேட்க, அவர் விரலை உதட்டில் வைத்தார். கழுதையும் நின்றது. நான் கழுதையைப் பார்த்தேன், கழுதை என்னைப் பார்த்தது. பிள்ளை வாயைத் திறக்கப் போனாள், நான் முறைத்தேன்.

கர்த்தர் மூன்றாம் முறை விழுகிற நிலையில் எனக்கும் கால் தடுமாறியது. பின்னால் இருந்து ஒரு நீளக் கை வந்து முழங்கையைப் பிடித்தது.

பதினாலாம் நிலை முடிந்தது. ஆண்டவரைக் கல்லறையில் அடக்கம் பண்ணியாயிற்று. நான் நிமிர்ந்து பார்த்தேன். இன்னும் படி கிடந்தது. நல்ல செங்குத்தான படி.

பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அடக்கம் முடிஞ்சுது. இனி என்ன செய்யப் போறியள்?"

கையிருப்பு முடிந்துவிட்டது. செபமாலை சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் முழங்கால் தானாக மடிந்துவிட்டது. படியிலேயே இருந்துவிட்டேன். ஏழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. அந்தச் சொல்லை, மகனுக்கு முன்னால் சொல்லமாட்டேன் என்று வைத்திருந்த சொல்லை, சொன்னேன்.

"ஏலாது. கொஞ்சம் இருப்பம்."

பிள்ளை அதைச் சொல்லி முடிக்கவில்லை, நெட்டையர் தொப்பென்று எனக்குக் கீழே இருந்த படியில் விழுந்தது போல இருந்தார். கடவுளுக்கு நன்றி என்று ஜேர்மனில் சத்தமாகச் சொன்னார். மற்ற மூன்று பெண்களும் அப்படியே சரிந்தார்கள். ரீச்சர் சப்பாத்தைக் கழற்றினார். குதிக்கால் தோல் உரிந்து சிவந்திருந்தது. நெட்டையரின் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"பத்தாம் நிலையிலை இருந்து அந்தாளுக்குக் கால் உதறினதாம். உங்களுக்கு முன்னாலை சொல்ல வெக்கத்திலை வந்தவராம். இந்த மனுசி எப்ப இருக்கும் எப்ப இருக்கும் எண்டு பாத்துக்கொண்டு வந்தாராம்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார். நான் அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாயை வைத்துத்தான் குடித்தார்.

நன்றாக இருந்தோம். நிழல் கொஞ்சம் நகரும் வரைக்கும் இருந்தோம். வழிகாட்டி மேலே போய், அங்கே பாறையடியில் தேத்தண்ணீர் விற்கும் பெண்ணிடம் ஒரு கேத்தல் நிறையச் சூடாக வாங்கிவந்தார். சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீர். அதைக் குடித்த பிறகு ரீச்சர் என்னைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

"ஓம்," என்றேன். அதை ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு களைத்த இடத்தில் எல்லாம் ஏலாது என்று சொல்லி இருந்தேன். மற்றவர்களும் சொன்னார்கள். நெட்டையர் அந்தத் தமிழ்ச் சொல்லையே பிடித்துக்கொண்டார். "ஏலாத்!" என்பார், எல்லாரும் இருப்போம்.

மேலே போனதும் நான் நின்றுவிட்டேன். கோயில் கோபுரம் அளவு உயரத்தில் ஒரு வாசல், மலையின் உடம்பிலேயே. முன்னுக்கு நடக்கிற ஆள் நான், முதலில் காண்கிற உரிமை எனக்கு. ஆனால் நான் பாதையை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கி, நெட்டையருக்குக் கையைக் காட்டினேன். அவர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைக் கடந்து, அந்த நீளக் காலால், ஆனால் மெதுவாகத்தான், அதன் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினார். படப்பெட்டி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அதைத் தொடவில்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹம் ஸ்ரேசனில் மகன் வந்து நின்றான். முதலில் என் முழங்காலைத்தான் பார்த்தான்.

"ஏலாமப் போச்சோ?"

"ஓம், எத்தினையோ தரம் ஏலாமப் போச்சு," என்றேன். "பேந்து ஏறினாங்கள்."

அவனுக்கு விளங்கவில்லை. காரில் போகும்போது ஆறுதலாகச் சொன்னேன். லங்சாம்ஸ்த கதை வந்ததும் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அடுத்த வருடம் ரீச்சர் துனீசியாவுக்குக் கூட்டிப்போக ஆயத்தம் செய்தார். முதல் சனிக்கிழமை கால்வாய்க் கரையில் எல்லாரும் கூடினோம். நெட்டையர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். மாரியில் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். ரீச்சர் பழைய சட்டத்தைச் சொன்னார். இந்த முறை வாலோடு முழுச் சொல்லும் எனக்கு நன்றாக விளங்கியது. சொல்லிவிட்டு அவர் நெட்டையரைப் பார்த்தார். நெட்டையர் ஊன்றுகோலை ஊன்றி முன்னுக்கு வரத் தொடங்கினார்.

நான் விடுவேனா? முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்று, நெஞ்சில் கையை வைத்து, "லங்சாம்ஸ்த, இஹ்!" என்றேன், ஆக மெதுவான ஆள் நான்தான் என்று.

"அக்கா, உதுக்கும் போட்டியே!" என்று பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது.

நெட்டையர் என்னையும் என் முழங்காலையும் பார்த்தார். தன் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார். நான் என் சப்பாத்தைக் காட்டினேன். ரீச்சர் தலையில் கை வைத்தார். கடைசியில் பாதை இரண்டு பேருக்கு அகலம் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் தண்ணீர்ப் பக்கமாகவும் நான் மரங்களின் பக்கமாகவும் நடக்கத் தொடங்கினோம். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள்.